விடுதலைப் பத்திரம்

போன மாதம் ஒரு நாள், நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பூதப்பாண்டி போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா. ஐம்பத்தைந்து, அறுபது வயசிருக்கும். மடியில் தோவாளைப் பூ ஒரு பொட்டலம், கையில் செல்போன். பஸ் புத்தேரி தாண்டுவதற்குள் மூன்று பஞ்சாயத்தை முடித்துவிட்டார்.

முதல் போன் மகளிர் குழுவில் தவணை கட்டாத ஒரு பெண்ணுக்கு. "ஏட்டி, நீ கட்டல்லேன்னா மத்த பதினோரு பேருக்கும் லோன் கிடைக்காது பாத்துக்கோ. சாயங்காலம் வீட்டுக்கு வாறேன்." இரண்டாவது, யாரோ ஒரு சொந்தக்காரருக்கு. "கல்யாணத் தேதிய நான் வந்து பேசிக்கிடுகேன். நீங்க ஆம்பிளையளு அதுவரைக்கும் வாயத் தொறக்காண்டாம்." மூன்றாவது போன் வார்டு மெம்பருக்கு. "தண்ணி வந்து நாலு நாளாச்சு. நாளைக்குக் காலம்பற வரல்லேன்னா நாங்க எல்லாரும் குடத்தோட அங்க வருவோம், கேட்டேளா?"

பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கணவராகத்தான் இருக்க வேண்டும். குடையையும் பையையும் பிடித்துக்கொண்டு, மூன்று போனுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

நீங்களும் இப்படி ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தெருவிலோ அப்பார்ட்மென்ட் அசோசியேஷனிலோ, ஏன், உங்கள் வீட்டிலேயோ ஒருவர் இருப்பார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவர், இன்று நடு ஹாலில் உட்கார்ந்து பேசுகிறார். ஆண்கள் கேட்டுக்கொள்கிறோம். நல்ல விஷயம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். யோசிக்க வேண்டியிருந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். கொஞ்சம் என் குட்டும் வெளிப்படும். பரவாயில்லை.

* * *

முதலில் இந்த மாற்றம் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

2011 சென்சஸ் கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதல் இடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. நூறு பேரில் கிட்டத்தட்ட 92 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று எங்கள் பக்கம் வெகு சீக்கிரமே குறைந்துவிட்டன. அதனால் நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கிற வேலை முடிந்துவிடுகிறது. முன்பு அந்த வயதில்தான் கடைசிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அதற்கப்புறம் இன்னும் முப்பது வருஷம் ஆயுள் பாக்கி. மகனோ மருமகனோ வளைகுடாவில். பாஸ்புக், பத்திரம், வீட்டு வரி எல்லாம் இங்கே இருக்கிற அம்மா கையில்.

அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்தது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று ஆனது. 2016-ல் அதைப் பாதியாக உயர்த்திச் சட்டம் வந்தது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்றார்கள். 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை தொடங்கியது. ஆயிரம் ரூபாய் என்ன பெரிய பணமா என்று நாம் கேட்போம். கணவரிடம் கேட்காமல் கோயிலுக்குப் போய்வர முடிகிற முதல் ஆயிரம் ரூபாய் அது என்பதை, அதை வாங்கியவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. ஜூடித் பிரவுன் என்கிற அமெரிக்க மானுடவியலாளர் 1982-ல் ஒரு கட்டுரை எழுதினார். உலகத்தின் பல சமூகங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். நடுவயதைத் தாண்டுகிற பெண்களுக்குப் பல இடங்களில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன என்றார். அவர்கள் மேல் இருந்த கட்டுப்பாடுகள் தளர்கின்றன. வீட்டுக்கு வெளியே மதிப்பு கிடைக்கிறது. மூன்றாவதாக, இளையவர்களை ஏவுகிற அதிகாரம் வருகிறது.

அந்த மூன்றாவதை மட்டும் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

நான் பி.காம். படித்தவன். பத்திரிகை வேலைக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் மண்டையில் தங்கிவிட்டன.

ஒன்று, தேய்மானம். மெஷின், நாற்காலி, கார் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. வயசாக வயசாகப் பெண்ணின் மதிப்பு குறையும் என்று சினிமாவும் விளம்பரமும் மெஷின் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது, குடும்பங்களுக்குள் நிலத்தின் கணக்கு நடந்திருக்கிறது. இது சந்தோஷமான விஷயம்.

இரண்டாவது, இரட்டைப் பதிவு. ஒரு இடத்தில் வரவு வந்தால், எங்கோ ஒரு இடத்தில் அதே தொகைக்குப் பற்று எழுதியாக வேண்டும். சும்மா வந்தது என்று கணக்குப் புத்தகத்தில் எதுவும் கிடையாது. அப்படியானால் ஐம்பது வயதில் ஒரு பெண்ணுக்கு வருகிற இந்தச் செல்வாக்கை யார் கணக்கில் பற்று எழுதுவது?

சில சமயம் அவள் கணக்கிலேயே. முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கான முதிர்வுத் தொகை. சில சமயம் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கணக்கில்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தது. சொத்து பெண் வழியாக இறங்கும். தாய்மாமனுக்குப் பின் தங்கை மகனுக்கு. கேட்கிறவர்கள் 'ஆகா, பெண்ணுக்கு எவ்வளவு உயர்வு' என்பார்கள். ஆனால் சாவி காரணவர் என்கிற ஆண் கையில். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அவருடைய சொத்துக்கு அன்னியர்கள். தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதைக் கிண்டல் செய்து 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதினார். ஒரு காரணவருடைய ஐந்தாவது மனைவி தன் கதையைச் சொல்வதாக அமைந்தது. அதில் ஒரு படலத்தின் பெயரே 'மாமி அரசியற் படலம்'. காரணவர் செய்கிற கொடுமையோடு மாமியார் செய்கிற அரசியலையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்து, மருமக்கள் வழி முடிவுக்கு வந்தது. மாமி அரசியலுக்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை.

* * *

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஏன் ஐம்பது?

எங்கள் மாவட்டத்தில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டுகிற வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். தென்மாவட்டங்களில் இசக்கி கோயில்கள் எத்தனையோ. அவற்றில் பலவற்றின் கதை, அநியாயமாகச் செத்துப்போன ஒரு இளம்பெண்ணின் கதைதான். உயிரோடு இருந்தபோது அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. செத்த பிறகு ஊரே பயந்து பொங்கல் வைக்கிறது. நான் சில சமயம் நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊரில் ஒரு பெண் பேச்சுக்கு மரியாதை வர இரண்டே வழி. ஒன்று, செத்து இசக்கி ஆக வேண்டும். இல்லாவிட்டால் உயிரோடிருந்து ஐம்பது தாண்ட வேண்டும்.

ஐம்பது என்பதை நான் சும்மா சொல்லவில்லை. சபரிமலைக்கு 10 வயது முதல் 50 வயது வரை பெண்கள் போகக் கூடாது என்பது எழுத்தில் இருந்த ஏற்பாடு. 2018 செப்டம்பர் 28-ல் சுப்ரீம் கோர்ட் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. மாறுபட்ட அந்த ஒரு தீர்ப்பு, அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதியான இந்து மல்ஹோத்ராவுடையது. 2019 நவம்பரில் அதையொட்டிய கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின. அந்த வழக்கில் யார் சரி என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் மண்டைக்காட்டு பகவதிக்கு எல்லா வயசுப் பெண்களும் இருமுடி கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். பெண்களின் சபரிமலை என்றே அதற்குப் பெயர். நான் கவனிப்பது அந்த எண்ணை மட்டும். ஐம்பது என்பது ஊர் நம் மனதில் போட்டு வைத்திருக்கிற ஒரு கோடு.

அந்தக் கோட்டைத் தாண்டுகிற பெண்ணிடம் என்ன மாறிவிடுகிறது? அறிவு நாற்பத்தொன்பதிலும் இருந்தது. அனுபவமும் இருந்தது. மாறுவது நம் பார்வை. அதுவரை அவள் சத்தமாகச் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கேட்டோம். அந்திக்கு மேல் வீடு திரும்பினால் எங்கே போனாள் என்று கேட்டோம். ஐம்பதுக்குப் பிறகு கேட்பதில்லை. சந்தேகப்படுவதை நிறுத்திக்கொண்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். சந்தேகம் போனது நல்லதுதான். ஆனால் சந்தேகம் இல்லாமலிருப்பதும் மரியாதையும் ஒன்றா?

* * *

இனி என் கதை.

எனக்கு ஒரு பெரியம்மை உண்டு. அம்மாவின் அக்கா. பெரியப்பா கோட்டாறு கம்போளத்தில் கணக்கெழுதினார். என் சின்ன வயதில் பெரியம்மையின் குரலை நான் கேட்டதே குறைவு. ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறிப்போன குழம்பை வழித்துச் சாப்பிடுகிற உருவமாகத்தான் ஞாபகம். நாற்பத்தாறாவது வயதில் ஒரு மகளிர் குழுவில் சேர்ந்தாள். முதலில் சும்மா போனாள். அப்புறம் கணக்கு வைத்துக்கொண்டாள். அப்புறம் தலைவி. பத்து வருஷத்தில் அந்தத் தெருவில் அவளைக் கேட்காமல் ஒரு நிச்சயதார்த்தம் நடக்காது என்ற நிலை. எங்களுக்கெல்லாம் பெருமை.

2011-ல் அப்பா இறந்தார். அம்மா அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டாள். உயில் கிடையாது. ஒரு ஓட்டு வீடு, சுற்றிப் பதினெட்டு சென்ட் புரையிடம், அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு துண்டு வயல். வாரிசுகள் அண்ணன், நான், தங்கச்சி. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பேருக்கும் சமபங்கு. பி.காம்.காரனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஆனால் எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் வேறு ஒரு கணக்கு ஓடியது. 'அவளுக்குத்தான் கல்யாணத்துக்கு 51 பவுன் போட்டோமே.' போட்டது அப்பா. 'போட்டோமே' என்றது நாங்கள்.

தங்கச்சியிடம் நேரில் கேட்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. கேட்டால் அவள் மறுக்கலாம். மறுத்தால் சட்டம் அவள் பக்கம். அதனால் பெரியம்மையை அனுப்பினோம். அவள் சொன்னால் யாராலும் தட்ட முடியாது என்று தெரிந்துதான் அனுப்பினோம். பெரியம்மை தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. திரும்பி வந்து, "ஒப்பிடுவா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பத்திர ஆபீஸில் தங்கச்சி கையெழுத்துப் போட்டாள். ரேகை வைத்தாள். பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிற அந்தப் பத்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. மத்தியானம் எல்லோருமாக ஓட்டலில் சாப்பிட்டோம். தங்கச்சி பாயசம் வேண்டாம் என்றாள்.

சென்ற மாசி மாதம் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் பெரியம்மை என் வீட்டுக்கு வந்தாள். எழுபது தாண்டிவிட்டது. ஆனால் நடை தளரவில்லை. மனைவி கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"உனக்க தங்கச்சிக்க கையெழுத்து நான் பேசி வாங்கினது மக்கா. அதை நான்தான் பேசித் திருப்பிக் கொடுக்கணும். அதுக்காச்சுட்டிதான் வந்தேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"அண்ணைக்கு அவகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? 'எனக்கும் இருபத்தி நாலு வயசுல இப்படித்தான் வந்து சொன்னாவ. நானும் ஒப்பிட்டேன். கெட்டா போயிட்டேன்?'ன்னேன். அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேசல்ல. எனக்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. இப்பம் ராத்திரி ஒறக்கம் வரல்லேன்னா அந்தக் கண்ணுதான் வருகு. நான் கெட்டுத்தானே போனேன்? உங்க பெரியப்பா போன பொறவு மருமவ மொகம் பாத்துல்லா சோறு தின்னேன். அப்பன் பங்கு ஒரு அஞ்சு சென்ட் இருந்திருந்தா எனக்க கஞ்சிய நான் காய்ச்சிக் குடிச்சிருப்பேன். நான் பட்டதைச் சொல்லி அவளைக் காப்பாத்தியிருக்கணும். நான் பட்டதைச் சொல்லியே அவளையும் தள்ளிவிட்டுட்டேன்."

அவள் போன பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் சொன்னான்: "பெரியம்மைக்கு வயசாயிட்டுடே. வேண்டாததெல்லாம் யோசிக்கா."

சுருக்கென்றது. ஏனென்றால் அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் நான் மனதுக்குள் நினைத்ததும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான்.

* * *

இதில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. 2011-ல் பெரியம்மை எங்களுக்காகப் பேசினாள். அப்போது அது பெரியவர்கள் வாக்கு. தட்டக் கூடாது. இப்போது எங்களுக்கு எதிராகப் பேசுகிறாள். உடனே அது வயசான கோளாறு. பேசுகிறவள் ஒருத்திதான். இன்றைக்கு அவளுக்கு அனுபவம் கூடத்தான் செய்திருக்கிறது. குறைந்தது எங்களுக்கு வருகிற லாபம்.

அப்படியானால் நாங்கள் அவளுக்குக் கொடுத்திருந்தது செல்வாக்கே இல்லை. ஏஜென்ஸி. கம்பெனி சொன்ன விலைக்கு விற்கிற வரைக்கும் ஏஜென்ட்டுக்கு மரியாதை. சொந்தமாக ஒரு விலை சொன்னால் ஏஜென்ஸியைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஆகவே வீட்டில் வயதான பெண்ணுக்குச் செல்வாக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இப்போது ஒரு சின்ன பரீட்சை இருக்கிறது. அவர் பேச்சை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணுவதில் பிரயோஜனமில்லை. நமக்கு நஷ்டம் வருகிற மாதிரி அவர் ஒன்றைச் சொன்னால், அப்போதும் கேட்கிறோமா? உங்கள் வீட்டில் நடத்திப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் தேற மாட்டோம்.

நஷ்டம் வருகிற மாதிரி பேசிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய். 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய். எது குறைவோ அது! எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், இங்குள்ள கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்தப் பழைய சட்டமா, இந்திய வாரிசுரிமைச் சட்டமா என்ற சண்டை 1970-களில் சென்னை ஐகோர்ட் வரைக்கும் போனது. மேரி ராய் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1986-ல் தீர்ப்பு வந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. அப்போது அவருக்கு வயது 52. வழக்கு சொந்தச் சகோதரரோடு. குடும்பத்தைப் பகைத்துக்கொண்டு வாங்கிய அந்தத் தீர்ப்பின் பலன், அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத எத்தனையோ இளம்பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாமியும் ஐம்பது தாண்டியவர்தான், மேரி ராயும் ஐம்பது தாண்டியவர்தான். மாமி தான் பட்டதை அடுத்தவளும் படட்டும் என்கிறார். மேரி ராய் தான் பட்டதோடு அது முடியட்டும் என்றார். இரண்டுக்கும் நடுவில் வயது வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இன்னொரு விதமும் உண்டு. ஜிம்பாப்வே நாட்டில் மனநல டாக்டர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். டிக்சன் சிபாண்டா என்கிற டாக்டர் 2006-ல் ஹராரே நகரத்தில் பதினான்கு பாட்டிகளைக் கூப்பிட்டு, கவலையிலும் சோர்விலும் வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்ச். பாட்டி ஒரு ஓரம், வந்தவர் ஒரு ஓரம். பிற்பாடு ஆராய்ச்சி செய்து பார்த்ததில் அந்தப் பேச்சு நன்றாகவே வேலை செய்தது என்று தெரிந்தது. அந்தப் பெஞ்சின் முதல் விதி, பாட்டி முதலில் கேட்க வேண்டும் என்பது. 'நானும்தான் பட்டேன், கெட்டா போனேன்' என்று அங்கே ஆரம்பிக்க முடியாது. எதிரே இருக்கிறவள் என்ன படுகிறாள் என்று கேட்டு முடித்த பிறகுதான் பாட்டியின் அனுபவத்துக்கு வேலை.

பெரியம்மை தங்கச்சி வீட்டில் தங்கிய அந்த இரண்டு நாளில், ஒரு பத்து நிமிஷம் அவளைப் பேசவிட்டுக் கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். ஆனால் கேட்டுவிட்டு வா என்று நாங்கள் அனுப்பவில்லையே. வாங்கிவிட்டு வா என்றுதானே அனுப்பினோம்.

* * *

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தங்கச்சிக்குச் சேர வேண்டியதில் என் கையில் இருந்ததை அவள் பேரில் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னைப் பாராட்டி யாரும் கடிதம் எழுத வேண்டாம். பதினாலு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பொருளுக்கு வட்டிகூடக் கொடுக்கவில்லை. அண்ணன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். பெரியம்மை வாரத்துக்கு ஒரு தரம் அவனுக்குப் போன் போடுகிறாள். எடுக்கவில்லை என்றால் அண்ணிக்குப் போடுகிறாள்.

பத்திரத்தை வாங்கிக்கொண்டு தங்கச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பெரியம்மை சொன்னதுக்காகத் தாறியா அண்ணா, எனக்க பங்குன்னு தாறியா?" நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் கவனித்தாள்.

இதில் இன்னொரு ஆள் உண்டு. என் மகள். பிளஸ் டூ படிக்கிறாள். பெரியம்மை வந்த அன்று உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் கிளம்பும்போது வாசலுக்கு வந்து நின்று கேட்டாள்:

"ஆச்சி, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. அத்தை அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாரா? அப்போ நான் சொல்றதைக் கேக்கணும்னா எனக்கும் அம்பது வயசு ஆகணுமா?"

காத்திருக்க வேண்டாம் என்று எங்கள் மண்ணின் சரித்திரமே அவளுக்குச் சொல்லும். தோளில் சீலை போடுகிற உரிமைக்காக 1820-களிலிருந்து இதே மண்ணில் பெண்கள் அடியும் அவமானமும் பட்டுப் போராடினார்கள். 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போடுகிற வரைக்கும் விடவில்லை. தங்கள் பேச்சுக்கு மரியாதை வருகிற வயசு வரட்டும் என்று அவர்கள் தள்ளிப்போட்டிருந்தால், அந்த உத்தரவு எப்போது வந்திருக்கும்?

இதையெல்லாம் நான் மகளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரித்திரத்தைச் சொல்லி அவள் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்வதாக ஆகிவிடும் என்று பட்டது. அவள் கேட்டது 1859-ஐப் பற்றி இல்லை. என் வீட்டு ஹாலைப் பற்றி.

பெரியம்மை அவள் தலையைத் தடவினாள். பதில் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு நான் பதில் சொல்லப்பிடாது மக்கா. நீயில்லா சொல்லணும்."

சொல்லிவிட்டு நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பதினேழு வயசுப் பெண் இதே கேள்வியைக் கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?